திரையில் அமிலம் தெறிக்காது

மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் எடுப்பவர்களுக்கு இப்போது வளங்களுக்குப் பஞ்சமில்லை. பாடநூலின் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அரசின் இணையவழிக் கற்றல் தளமான திக்ஷா திறக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் தரும் ஃபெட் சிமுலேஷன்கள் (சோதனையைத் திரையிலேயே செய்துபார்க்கும் மாதிரிகள்) இலவசம். அம்ரிதா பல்கலைக்கழகமும் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கும் சேர்ந்து உருவாக்கிய ஓலேப்ஸ் இணைய ஆய்வகத்தில் 9 முதல் 12-ஆம் வகுப்பு வரைக்கான செய்முறைகள் இருக்கின்றன. யூடியூப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எதை எந்த வேலைக்கு எடுப்பது என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

ஃபெட்டில் பிஎச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு (7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) பற்றிய சிமுலேஷன் ஒன்று உண்டு. காபி, பால், சோப்பு, பேட்டரி ஆசிட் என்று ஒரு பட்டியல் வரும், அதில் வாந்தியும் இருக்கும். வகுப்பே சிரிக்கும். அதன் பிஎச் 2 என்று பார்த்த பிறகு வயிற்றில் அமிலம் இருப்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. நான் எடுத்துக்கொள்வது காபியை. பிஎச் 5. தண்ணீர்க் குழாயைத் திறப்பதற்கு முன்னால், பிஎச் எவ்வளவுக்குப் போகும் என்று எல்லோரையும் நோட்டில் எழுதச் சொல்வேன். பெரும்பாலும் 7, சிலர் 8 என்றுகூட எழுதுவார்கள். அரை லிட்டர் காபி தண்ணீரோடு சேர்ந்து 1.2 லிட்டர் ஆன பிறகும் பிஎச் சுமார் 5.4-ஐத் தாண்டாது. அப்போதுதான் “ஏன் மிஸ்?” என்ற கேள்வி வரும். பிஎச் மடக்கை அளவு, ஒரு எண் ஏற வேண்டுமென்றால் பத்து மடங்கு நீர்க்க வேண்டும் என்று அந்த நேரத்தில் சொன்னால் மண்டையில் ஏறும். கீழே வடித்து மேலே நிரப்பி, மறுபடி வடித்து நிரப்பிக்கொண்டே போனால் 7-ஐ நெருங்கும், தாண்டாது. 10-இன் அடுக்கு −8 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் என்ன என்று தேர்வில் கேட்டால் 8 என்று எழுதி மார்க்கை விடுகிற பிள்ளைகள் எத்தனை பேர்! அமிலம் எவ்வளவு நீர்த்தாலும் 7-ஐத் தாண்டாதே, விடை 6.98. இதைப் பார்த்தவர்கள் அங்கே கொஞ்சம் நின்று யோசிக்கிறார்கள்.

ஆனால் இதே சிமுலேஷனில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. பேட்டரி ஆசிட் மேல் குழாயைத் திறந்தால் தண்ணீர் பாட்டுக்கு விழும், ஒன்றும் ஆகாது. பிஎச் 1 அளவுக்கு நீர்த்த அமிலத்தில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்காது என்பது நமக்குத் தெரியும். மாணவர் மனதில் தங்குவதோ கீழே அமிலம், மேலே தண்ணீர் என்ற காட்சிதான். அடர் கந்தக அமிலத்தில் அப்படி ஊற்றினால், அடர்த்தி குறைந்த தண்ணீர் மேலேயே நின்று, வெளிவரும் வெப்பத்தில் கொதித்து, அமிலத்தையும் சேர்த்து முகத்தில் தெறிக்கும். அதனால் இதைக் காட்டுகிற அன்றைக்கே, ஆய்வகத்தில் தண்ணீரில்தான் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கியபடி சேர்க்க வேண்டும் என்று சொல்லி, எழுதவும் வைக்கிறேன். நீங்களும் இதை விட்டுவிடாதீர்கள்.

தரம்பார்த்தலிலும் (செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இன்னொன்றின் செறிவைக் கண்டறிவதிலும்) இதே கதைதான். செய்முறையின் வரிசையை மனதில் ஏற்றிக்கொள்ள ஓலேப்ஸ் நல்ல உதவி. முதல் நாள் இரவு ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வரும் மாணவர் ஆய்வகத்தில் திணறுவதில்லை. ஆனால் ப்யூரெட் (அளவுக்குழாய்) முனையில் மாட்டிக்கொண்ட காற்றுக்குமிழியை விரட்டுவது, அடர்நிறமான பெர்மாங்கனேட்டுக்குப் பிறைமட்டத்தின் (வளைந்த திரவ மேற்பரப்பின்) மேல்விளிம்பைப் பார்த்து அளவெடுப்பது, ஆக்சாலிக் அமிலத்தைச் சூடாக்க மறந்தால் முதல் சொட்டின் நிறம் போகாமல் அடம்பிடிப்பது, இதெல்லாம் கையும் கண்ணும் பழகினால்தான் வரும். இணையத்தில் செய்முறை இருக்கிறதே என்று ஆய்வக வகுப்பைக் குறைப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

திரைக்கு உரிய வேலை வேறு. மீத்தேன் மூலக்கூறின் 109.5 டிகிரி கோணங்களைக் கரும்பலகையில் வரைந்தால் தட்டையாகத்தான் தெரியும். திரையில் சுழற்றிக் காட்டலாம். சீசியம் தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை எந்தப் பள்ளியிலும் செய்துகாட்ட முடியாது. நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் தனிம வரிசை வீடியோக்கள் அதற்கென்றே இருக்கின்றன. ஆங்கிலம் தடையாக இருந்தால் ஒலியை அணைத்துவிட்டு நீங்களே தமிழில் சொல்லுங்கள், வகுப்புக்கு அதுதான் இன்னும் பிடிக்கும்.

‘வீட்டிலேயே செய்து பாருங்கள்’ வகை வீடியோக்கள்தான் கவலை. கழிவறை கழுவும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்தால் வருவது குளோரின் வாயு. மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. வீடியோவில் பார்த்த எந்தச் சோதனையையும் வகுப்புக்குக் கொண்டுவருமுன் அதிலுள்ள ஒவ்வொரு சேர்மத்தின் பெயரையும் பப்கெம் என்ற வேதிப்பொருள் தகவல் தளத்தில் தேடிப் பாருங்கள். தீப்பற்றுமா, அரிக்குமா, நஞ்சா என்பது அடையாளப் படங்களோடு இருக்கும். ஆனால் இரண்டைக் கலந்தால் என்ன உருவாகும் என்பதை நீங்களே தனியாக யோசித்தாக வேண்டும். பெற்றோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். 2020 இறுதியோடு ஃபிளாஷ் மென்பொருள் நின்றுபோனதால் பழைய அனிமேஷன்கள் பல இன்று திறப்பதில்லை. முந்தைய நாளே இணைப்பைச் சோதித்துவிடுங்கள். பள்ளியில் நெட் தகராறு என்றால், ஃபெட்டின் புதிய சிமுலேஷன்களை வீட்டிலேயே தரவிறக்கிப் பென் டிரைவில் கொண்டுபோகலாம். ஒவ்வொன்றும் ஒரே ஃபைல்தான், பிரவுசர் இருந்தால் போதும், பலவற்றுக்குத் தமிழ்ப் பதிப்பும் உண்டு.