டம்ளரில் இறங்கிய பால் நூல்

ஐப்பசிப் புயல்மழை ஓய்ந்து மூன்று வாரம் இருக்கும். கண்டனூர்ப் பக்கம் மாமாவின் வயலில் ஆந்திரா பொன்னி இலைகளெல்லாம் நுனியிலிருந்து ஓரம் வழியாக வைக்கோல் நிறத்தில் காய்ந்து இறங்கியிருந்தன. சத்துக் குறைச்சல் என்று யூரியா மூட்டையைப் பிரிக்கப் போனார். "கொஞ்சம் பொறுங்க மாமா" என்று சொல்லி, காய்ந்த பகுதியும் பச்சையும் சேரும் இடத்தில் ஓர் இலையை நறுக்கி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டுவாய் முங்கும்படி பிடித்தேன். சில நிமிடத்தில் அங்கிருந்து பால் மாதிரி ஒரு நூல் இழைந்து இறங்கியது.

"என்ன மாப்ள, ஊதுபத்திப் புகை மாதிரி வருது?"

அத்தனையும் பாக்டீரியா. சாந்தோமோனாஸ் ஒரைசே என்று பெயர். இலைக்கருகல் நோய் இதன் வேலை. வெறும் சத்துக்குறைவாக இருந்தால் பால் இறங்காது. யூரியா விழுந்திருந்தால் நோய் இன்னும் கொழுத்திருக்கும்.

விடியலில் நெல் இலை ஓரத்தில் முத்து முத்தாக நிற்பதெல்லாம் பனி இல்லை. இலையே துளை வழியாகக் கசியவிட்ட நீரும் அதில் உண்டு. அந்தத் துளைகள் வழியாகவும், காற்றில் இலைகள் உரசிக்கொண்ட காயம் வழியாகவும் பாக்டீரியா நுழைந்து நீர்க்குழாயில் குடியேறுகிறது. அங்கே தண்ணீருக்குக் குறைவில்லை, சர்க்கரைக்குத்தான் பஞ்சம். சர்க்கரை பக்கத்துச் செல்களுக்குள் பூட்டிக் கிடக்கிறது.

பூட்டை அது உடைப்பதில்லை. ஊசி போன்ற ஓர் அமைப்பை நெல்லின் செல்லில் சொருகி, டால் என்ற வகைப் புரதங்களை உள்ளே ஏற்றுகிறது. அவை செல்லின் உட்கருவுக்குப் போய், நெல்லின் சொந்த டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடத்தில் உட்கார்ந்து, சர்க்கரையை வெளியேற்றும் மரபணுவை முடுக்கிவிடுகின்றன. வீட்டுக்காரர் கையாலேயே பெட்டகத்தைத் திறக்க வைக்கும் திருட்டு! அந்த நெல் மரபணுக்களின் குடும்பப் பெயரே ஸ்வீட். பெயர் வைத்தவருக்குக் குறும்பு அதிகம்.

டால் புரதத்தின் அமைப்புதான் எனக்குத் தீராத வியப்பு. ஒரே மாதிரித் துண்டுகள் வரிசையாகக் கோத்த மாலை அது. துண்டுக்குப் பெரும்பாலும் 34 அமினோ அமிலங்கள். அவற்றில் 12, 13ஆம் இடங்களில் இருக்கும் இரண்டும்தான் டி.என்.ஏ.வின் எந்த எழுத்தைப் பிடிப்பது என்று முடிவு செய்கின்றன. ஒரு துண்டுக்கு ஓர் எழுத்து. 2009இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தன. மற்றபடி துண்டுகள் கிட்டத்தட்ட அச்சு அசலாக ஒத்திருப்பதால், மரபணு பிரதியாகும்போதும் ஒன்றோடொன்று கலக்கும்போதும் ஒரு துண்டு கூடும், ஒன்று விழும், இடம் மாறும். அதாவது டால் என்ற திருட்டுச் சாவியின் பல் மாறுகிறது. பெரும்பாலான புதுச் சாவிகள் எதற்கும் உதவாது. இந்த நெல் கிருமியில் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஒரு வகையிடம் இப்படி 19 டால் மரபணுக்கள் இருக்கின்றன. ஒன்று வீணானால் என்ன, கொத்தில் இன்னும் இருக்கிறதே.

சாவி பரவுவது வேறு கதை. காரைக்குடியில் பழம்பொருள் கடைகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: இடித்த வீட்டுத் தேக்குத்தூணும் நிலைக்கதவும் ஊர் பேர் தெரியாத இன்னொரு வீட்டில் போய் நிற்கும். பாக்டீரியாவும் அப்படித்தான், மரபணுவைப் பெற்றோரிடம் மட்டும் வாங்குவதில்லை. கத்தரி, தக்காளியை வாடவைக்கும் ரால்ஸ்டோனியா, செத்துச் சிதறிய பாக்டீரியாவின் டி.என்.ஏ.வை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். எலுமிச்சைச் சொறிநோய்க் கிருமிகளில் முக்கியமான டால் மரபணு பிளாஸ்மிட் என்னும் தனி வளையத்தில் இருப்பதுண்டு. வளையம் உடம்போடு உடம்பு ஒட்டும்போது கைமாறக்கூடியது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களும் தெரியாமல் மூட்டை தூக்குகின்றன.

தேவைப்பட்டால் கழற்றி எறியவும் தெரியும். பீன்ஸ் செடியைத் தாக்கும் ஒரு சூடோமோனாஸ் பாக்டீரியாவை, அதன் ஒரு புரதத்தை அடையாளம் கண்டு எதிர்க்கும் பீன்ஸிலேயே திரும்பத் திரும்ப வளர்த்தார்கள். மாட்டிக்கொடுத்த மரபணு இருந்த டி.என்.ஏ. பகுதி முழுவதையும் அது வெட்டி உதறிவிட்டுப் பிழைத்தது.

நெல்லும் சும்மா இருப்பதில்லை. சில ரகங்களில் சாவி உட்காரும் இடத்திலேயே எழுத்து மாறியிருக்கிறது, எக்ஸ்.ஏ.13 என்ற எதிர்ப்பு மரபணு அப்படிப்பட்டது. ஆனால் வேறு ஸ்வீட் மரபணுவைத் திறக்கும் சாவி வைத்திருக்கும் கிருமி அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அதனால்தான் ஹைதராபாத் ஆய்வாளர்கள் மாமா போட்ட இதே ஆந்திரா பொன்னியில், அதாவது சம்பா மசூரியில், எக்ஸ்.ஏ.5, 13, 21 மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். 21 ஓர் ஆப்பிரிக்கக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. மூன்றும் சேர்ந்த அந்த மேம்படுத்திய சம்பா மசூரி 2008இல் வெளியானது. ஒரே சமயத்தில் மூன்று பூட்டையும் தாண்டுவது கிருமிக்கு லேசில்லை.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட மாமா, "அப்ப இந்தத் தண்ணி கீழ் வயலுக்குப் போனா?" என்றார்.

"கிருமியும் கூடவே போகும்."

டம்ளரை வரப்பில் வைத்துவிட்டு, மம்பட்டியை எடுத்துக்கொண்டு மடையை அடைக்கப் போனார்.