பத்தாயிரத்தில் நான்கு பங்கு வாயு பூமியைச் சூடாக்குவது எப்படி?

காற்றில் பத்தாயிரத்தில் நான்கு பங்கே உள்ள கார்பன் டை ஆக்சைடு பூமி முழுவதையும் எப்படிச் சூடாக்க முடியும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். சற்றுக் கேலியோடு கேட்டிருந்தாலும் நியாயமான கேள்விதான்.

தெரிந்த கதையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சூரிய ஒளியால் சூடேறும் தரை, அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வெளியிடுகிறது. பெறும் ஆற்றலுக்கு ஈடாக ஆற்றலை இழக்க, பூமி மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் உள்ள ஒரு பொருளைப் போல விண்வெளிக்குக் கதிர்வீசினால் போதும். செயற்கைக்கோள்கள் அளப்பதும் ஏறத்தாழ அதைத்தான். ஆனால் தரையின் சராசரி வெப்பநிலை சுமார் 15 டிகிரி. இந்த 33 டிகிரி வேறுபாடு, அந்த அகச்சிவப்புக் கதிர்களை உறிஞ்சும் பசுமைக்குடில் வாயுக்களின் வேலை.

நைட்ரஜனும் ஆக்சிஜனும் இதில் ஏன் பங்கேற்பதில்லை? அவற்றின் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஒரே வகை அணுக்கள் இரண்டால் ஆனது; எப்படி அதிர்ந்தாலும் மின்னூட்டம் ஒரு பக்கம் சாய்வதில்லை என்பதால் அகச்சிவப்பு அலைக்கு அங்கே பிடிமானம் கிடைப்பதில்லை. கார்பன் டை ஆக்சைடில் நடுவே கார்பனும் இருபுறம் ஆக்சிஜனும் நேர்கோட்டில் நிற்கின்றன. அந்தக் கோடு வளையும்போது சமநிலை குலைந்து, நேர்மின்னூட்டம் ஒரு பக்கமும் எதிர்மின்னூட்டம் மறுபக்கமுமாக, நொடிக்குச் சுமார் 20 லட்சம் கோடி முறை ஊசலாடுகிறது. தரை ஏராளமாக வெளியிடும் 15 மைக்ரோமீட்டர் அலையின் அதிர்வெண்ணும் அதுவே.

இப்படி ஆற்றலை உறிஞ்சிய மூலக்கூறு அதை உடனே திருப்பி வீசிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தனித்து விடப்பட்டால் அதற்கு ஏறத்தாழ ஒரு நொடி பிடிக்கும். தரையை ஒட்டிய காற்றிலோ அது நொடிக்குப் பல நூறு கோடி முறை பிற மூலக்கூறுகளுடன் மோதுகிறது. எனவே கதிராக வெளியேறும் முன்பே அந்த ஆற்றல் பெரும்பாலும் நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் கைமாறிவிடுகிறது. மோதல்கள் எதிர்த்திசையிலும் வேலை செய்து, கார்பன் டை ஆக்சைடை அதிரவைத்துக் கதிர்வீசச் செய்கின்றன. நான்கு பங்கு வாயு உறிஞ்சியதைப் பத்தாயிரம் பங்கும் பகிர்ந்துகொள்வதும், காற்றின் ஒவ்வோர் அடுக்கும் தன் வெப்பநிலைக்கு ஏற்பக் கதிர்வீசுவதும் இதனால்தான்.

வாசகர் கேட்காமல் விட்ட, இதைவிடக் கூர்மையான ஒரு கேள்வியும் உண்டு. கார்பன் டை ஆக்சைடு பெருகினால் பூமி சூடாகும் என்று 1896-இல் கணக்கிட்டுக் காட்டிய ஸ்வீடன் விஞ்ஞானி ஸ்வாந்தே அரீனியஸுக்கு, அதே நாட்டு இயற்பியலாளர் நுட் ஓங்ஸ்ட்ரம் 1900-இல் மறுப்பு எழுப்பினார். குழாயில் அடைத்த வாயுவின் அளவைக் குறைத்த பிறகும் கதிர் உறிஞ்சப்படுவது பெரிதாக மாறவில்லை. உறிஞ்ச வேண்டியதெல்லாம் ஏற்கெனவே உறிஞ்சப்பட்டுவிட்டதென்றால், மேலும் வாயு சேர்வதால் என்ன ஆகிவிடும்? இந்த வாதம் அரை நூற்றாண்டு செல்வாக்குடன் இருந்தது.

கதிர் உறிஞ்சப்படுகிறதா என்பதைவிட, கடைசியாக எந்த உயரத்திலிருந்து விண்வெளிக்குத் தப்புகிறது என்பதே முக்கியம். கீழடுக்கு வீசுவதை மேலடுக்கு பிடித்துக்கொள்கிறது. தனக்கு மேலே போதிய வாயு இல்லாத அளவுக்கு உயர்ந்த அடுக்கு வீசுவது மட்டுமே வெளியேறுகிறது. எல்லா அலைநீளங்களையும் சேர்த்துப் பார்த்தால் அந்த உயரம் சராசரியாகச் சுமார் 5 கிலோமீட்டர். மேலே போகப் போகக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி குறைவதால், அங்கே வெப்பநிலை சரியாக அந்த மைனஸ் 18-ஐ ஒட்டியிருக்கிறது. வாயு கூடினால் தப்பும் உயரமும் கூடும். உயரத்தில் குளிர் அதிகம். குளிர்ந்த காற்று குறைவாகவே கதிர்வீசும். வருவதைவிடப் போவது குறைவதால், சமநிலை திரும்பும்வரை தரை முதல் அந்த உயரம்வரை எல்லாம் சூடேறியாக வேண்டும். நீராவி வலிமையான பசுமைக்குடில் வாயுதான் என்றாலும், குளிர்ந்த உயரங்களில் அது உறைந்து விலகிவிடுவதால் அங்கே கார்பன் டை ஆக்சைடின் கை ஓங்கியிருக்கிறது. பாடநூல் படங்களில் மேலே போய்த் தரைக்கே திரும்பும் ஒற்றை அம்புக்குறி இந்த அழகை முழுவதுமாக மறைத்துவிடுகிறது என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

வாயு உண்மையில் கூடுகிறதா என்பதை அறியத் தொடர்ச்சியான அளவீடு வேண்டியிருந்தது. அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் கீலிங் 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலையில் அதைத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அந்த மகத்தான பதிவிலும் 1964-இல் சில மாத இடைவெளி விழுந்திருக்கிறது. காரணம் நிதி வெட்டு. பளபளப்பான புதிய திட்டங்களுக்குக் கிடைக்கும் பணம், ஒரே அளவை நாள்தோறும் எடுக்கும் சலிப்பூட்டும் வேலைக்குக் கிடைக்காததை அறிவியல் நிர்வாகத்தின் பழைய நோய் என்றே சொல்வேன்.

பூமி சூடேறுவதற்குச் சூரியன்தான் காரணம் என்போருக்கும் இந்தப் பொறிமுறையிலேயே பதில் இருக்கிறது. வளிமண்டலத்தின் மேற்பகுதியில் உள்ள, ஓசோன் நிறைந்த ஸ்ட்ராட்டோஸ்பியர் அடுக்கு, புற ஊதாக் கதிரை உறிஞ்சிச் சூடேறி, கார்பன் டை ஆக்சைடு வழியாகவே பெருமளவு வெப்பத்தை இழக்கிறது. எனவே அந்த வாயு கூடினால் கீழே சூடும் மேலே குளிர்ச்சியும் அதிகரிக்க வேண்டும் என்று காலநிலை விஞ்ஞானிகள் சுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967-இல் கணக்கிட்டனர். சூரியன் தீவிரமடைந்திருந்தால் இரண்டுமே சூடேறியிருக்கும். 1979 முதல் செயற்கைக்கோள்கள் எடுத்துவரும் அளவுகளில் கீழடுக்கு சூடேறியிருக்கிறது, ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்ந்திருக்கிறது.