இறந்தவர் பெயரில் நிற்கும் நிலங்கள்

ஒரு நாட்டில் நிலச் சீர்திருத்தம் எப்படி நடக்கிறது என்று கேட்டால், எத்தனை லட்சம் பட்டா வழங்கினோம் என்ற கணக்கைத்தான் முதலில் காட்டுவார்கள். நிதி கொடுப்பவர்கள் கேட்பதும் அதையே, செய்தித்தாள்கள் அச்சிடுவதும் அதையே. கிழக்கு ஆப்பிரிக்காவில் நிலப் பதிவேடுகளைச் சீரமைக்கும் பணிகளில் ஆலோசகராக இருந்து வருகிறேன். ஒரு மாவட்ட நில அலுவலகத்துக்குப் போனால் நான் கேட்கும் முதல் கேள்வி வேறு: சென்ற ஆண்டு இறந்த நில உரிமையாளர்களில் எத்தனை பேரின் நிலத்துக்கு வாரிசுப் பெயர் மாற்றம் நடந்திருக்கிறது? பல இடங்களில் இதற்கு விடை கிடைப்பதில்லை. மரணப் பதிவேடு ஓர் அலுவலகத்திலும் நிலப் பதிவேடு இன்னோர் அலுவலகத்திலும் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இருக்காது. பெயர் மாற்ற விண்ணப்பக் கோப்பை வாங்கிப் பார்த்தால், மாவட்டத்தின் மக்கள்தொகைக்குச் சற்றும் பொருந்தாத அளவில் சில தாள்கள் கிடக்கும்.

சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவின் கிராமப்புற நிலத்தில் சுமார் 10 சதவீதம் மட்டுமே முறையாகப் பதிவாகியிருக்கிறது என்று உலக வங்கியின் 2013 அறிக்கை சொன்னது. ஆகவே முதல் பதிவு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பதிவு முடிந்த மறுநாளே யாரோ இறக்கிறார், யாரோ மணம் முடிக்கிறார், யாரோ பிள்ளையின் மருத்துவச் செலவுக்காகக் கால் காணியை விற்கிறார். இவை பதிவேட்டில் ஏறாவிட்டால், ஒரு தலைமுறைக்குள் பதிவேடு ஒன்று சொல்லும், ஊர் வேறொன்று சொல்லும். அந்த இடைவெளியில்தான் வழக்குகளும் மோசடிகளும் பிறக்கின்றன. ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் கைம்பெண்களும் இளைய பிள்ளைகளும்தான்.

ருவாண்டாவிலிருந்து தொடங்குகிறேன். முதல் பதிவை இவ்வளவு சிறப்பாக நடத்திய நாடு ஆப்பிரிக்காவில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 1994 இனப்படுகொலைக்குப் பிறகு அந்த நாட்டில் ஒரே நிலத்துக்கு மூன்று பேர் உரிமை கோரும் நிலை இருந்தது. பல பத்தாண்டுகளுக்கு முன் அகதிகளாக வெளியேறித் திரும்பியவர்கள், 1994-இல் தப்பியோடித் திரும்பியவர்கள், குடும்பத்தையே இழந்த கைம்பெண்கள், அனாதைக் குழந்தைகள். இத்தனை பேரையும் ஒரு சிறிய மலைநாட்டுக்குள் அமர்த்தியாக வேண்டும். 2005-இல் நிலச் சட்டம் வந்தது. சில இடங்களில் சோதனை செய்து பார்த்துவிட்டு, 2009 வாக்கில் நாடு முழுவதும் பணியைத் தொடங்கினார்கள். விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பெரிதாக அச்சிட்டு ஒவ்வொரு ஊருக்கும் கொண்டுபோனார்கள். அந்தந்த ஊர் இளைஞர்களுக்கும் இளம் பெண்களுக்கும் சில நாள் பயிற்சி கொடுத்து எல்லை குறிக்க வைத்தார்கள். அண்டை நிலத்தார் எல்லோரும் வரப்பில் நின்று ஒப்புக்கொண்ட பிறகே படத்தின் மீது கோடு விழுந்தது. தகராறு இருந்தால் தனிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு அடுத்த நிலத்துக்கு நகர்ந்தார்கள். மறுப்புத் தெரிவிக்கப் பொதுவில் கால அவகாசம் கொடுத்தார்கள். இப்படி ஒரு கோடிக்கும் மேற்பட்ட நிலத் துண்டுகளைச் சில ஆண்டுகளில் முடித்தார்கள். ஒரு துண்டுக்கு ஆன செலவு சுமார் 7 டாலர்.

அளவைத் துறையில் ஊறிய பலர் இந்த முறையை அன்று கடுமையாக எதிர்த்தார்கள். கருவி வைத்து அளக்காத எல்லை எல்லையே இல்லை என்பது அவர்கள் வாதம். நான் இதில் ஊர்க்காரர்கள் பக்கம். அங்குலம் பிசகாமல் அளந்துதான் பதிவு செய்வோம் என்று காத்திருந்தால் அந்த நாட்டில் இருந்த உரிமம் பெற்ற அளவையர்களைக் கொண்டு பல தலைமுறை ஆகியிருக்கும். அண்டை வீட்டார் நால்வர் முன்னிலையில் ஒப்புக்கொண்ட கோடு சற்று விலகியிருந்தாலும் அதற்கு மதிப்பு இருக்கிறது. தேவைப்படும்போது, தேவைப்படும் இடத்தில், அளந்துகொள்ளலாம்.

சிக்கல் பிறகுதான் வந்தது. உரிமையை மாற்றிப் பதிய நிலத்தின் மதிப்பைப் பாராமல் எல்லோருக்கும் ஒரே கட்டணம் வைத்தார்கள். ஒரு கட்டத்தில் அது சுமார் 30,000 ருவாண்டா பிராங்க். தலைநகர் கிகாலியில் வீடு வாங்குபவருக்கு அது பொருட்டே இல்லை. மலைச்சரிவில் நாலு பாத்தி அவரைக்காய் நிலம் வாங்குபவருக்கு அது நிலத்தின் விலையில் பெரும் பங்கு. அவர் என்ன செய்வார்? சாட்சிகளை வைத்து வெள்ளைத்தாளில் எழுதிக் கைச்சீட்டாக வைத்துக்கொள்வார். இதோடு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு முட்டுக்கட்டையையும் போட்டது. உட்பிரிவு செய்தால் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக வரும் வேளாண் நிலத்தை உட்பிரிவு செய்யக்கூடாது என்று அந்தச் சட்டம் அன்று தடுத்தது. நிலம் துண்டு துண்டாகிவிடக் கூடாது என்ற நோக்கம் புரிகிறது. ஆனால் பெரும்பாலான குடும்பங்களிடம் மொத்தமாகவே ஒரு ஹெக்டேர் கிடையாது. தகப்பன் இறந்தால் பிள்ளைகள் பிரித்துக்கொள்ளாமல் இருப்பார்களா?

தெற்கு மாகாணத்தில் ஒரு குடும்பத்தின் கோப்பைப் பார்த்தேன். தகப்பன் இறந்த பின் இரண்டு மகன்கள், ஒரு மகள் மூவரையும் கூட்டு உரிமையாளர்களாகக் காட்டும் ஒரே சான்றிதழ் அதில் இருந்தது. நேரில் போய்ப் பார்த்தால் நிலத்தில் மூன்று துண்டுகள், நடுவே புதிய வேலி. மூத்தவர் தன் துண்டைக் கைச்சீட்டில் விற்றுவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். வாங்கியவர் அதில் வாழை வைத்துப் பலன் எடுத்துக்கொண்டிருக்கிறார். எங்களோடு வந்த நில அலுவலர் சொன்னார்: “ஐயா, கணினியில் இவர் பெயரே கிடையாது. நாளைக்கு அந்த மூவரும் கையெழுத்துப் போட்டு வங்கியில் கடன் வாங்கினால் இவர் வாழையும் சேர்ந்துதான் ஏலத்துக்குப் போகும்.” வாங்கியவருக்கு இது தெரியும். கட்டணம் கட்டிப் பதியலாமே என்று கேட்டேன். “எதைப் பதிவது? இந்தத் துண்டுக்கு எண்ணே இல்லையே” என்றார். உட்பிரிவுக்கு அனுமதி இல்லாததால் எண் இல்லை, எண் இல்லாததால் பத்திரம் இல்லை. கையில் காசு இருந்திருந்தாலும் அவரால் சட்டப்படி நடந்திருக்க முடியாது.

பெண்கள் விஷயத்தில் ருவாண்டாவிடமிருந்து கற்க வேண்டியது நிறைய. 1999-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கும் மகனுக்கும் சமப் பங்கு என்றது. சட்டப்படி பதிவு செய்த திருமணத்தில் மனைவியின் உரிமையையும் அது காத்தது. ஆனால் ஊரறிய மணந்து, அலுவலகத்தில் பதியாமல் வாழும் பெண்கள் அங்கே ஏராளம். சோதனை முறையில் பதிவு நடந்த ஊர்களை ஆராய்ந்தபோது, திருமணச் சான்றிதழ் இருந்த பெண்களின் உரிமை வலுப்பட்டிருந்தது. சான்றிதழ் இல்லாத பெண்களின் நிலை முன்பைவிடப் பலவீனமாகியிருந்தது. ஒரு நல்ல திட்டமே ஒரு சாராரைப் பாதித்திருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு, நாடு தழுவிய பணிக்கு முன் படிவத்தையும் நடைமுறையையும் மாற்றினார்கள். சோதனைத் திட்டம் என்று பெயர் வைத்துவிட்டு எதையும் சோதிக்காமல் விரிவாக்குவதுதான் உலகெங்கும் வழக்கம். இவர்கள் உண்மையாகவே சோதித்துப் பார்த்தார்கள்.

பதிவேட்டைப் புதுப்பிக்காவிட்டால் அறுபது, எழுபது ஆண்டுகளில் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமானால் கென்யாவின் மத்தியப் பகுதிக்குப் போக வேண்டும். 1954-இல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த சுவின்னர்ட்டன் திட்டத்தின்கீழ் அங்கே சிதறிக் கிடந்த நிலங்களை ஒன்றுசேர்த்துத் தனியார் பட்டா கொடுக்கத் தொடங்கினார்கள். பெரும்பாலும் குடும்பத்தின் ஆண் தலைவர் பெயரில்தான் கொடுத்தார்கள். பிறகு 1963-ஆம் ஆண்டுச் சட்டம், பதிவில் பெயர் உள்ளவரே முழு உரிமையாளர் என்றது. அந்த நிலத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வழக்காற்றுப்படி இருந்த பங்கு தாளில் ஏறவே இல்லை. இன்றும் தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயரிலேயே பட்டா இருக்கும் குடும்பங்களை அங்கே எளிதில் காணலாம். வாரிசுரிமை பெற நீதிமன்றம் போக வேண்டும், ஊர் நிர்வாகத் தலைவரின் கடிதம் வேண்டும், வழக்கறிஞருக்குக் கட்டணம் வேண்டும், பங்காளிகள் அனைவரும் ஒத்துவர வேண்டும். மூன்று தலைமுறை தள்ளிப்போட்டபின் பங்காளிகளின் எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியிருக்கும். அவர்களில் பாதிப் பேர் எந்த நகரத்தில் இருக்கிறார்கள் என்றே தெரியாது. நைரோபியில் 2021-இல் இணையவழி நிலப் பதிவு முறை வந்தது. வரவேற்கிறேன். ஆனால் கொள்ளுத்தாத்தா பெயரைத் திரையில் பளிச்சென்று காட்டுவதால் மட்டும் கொள்ளுப்பேத்திக்கு எந்தப் பயனும் இல்லை.

எத்தியோப்பியா வேறு வழியில் போனது. அங்கே 1995 அரசமைப்புச் சட்டப்படி நிலத்தை விற்க முடியாது. உழுது பயன்படுத்தவும், குத்தகைக்கு விடவும், வாரிசுக்குக் கொடுக்கவும் உரிமை உண்டு. 1998 முதல் திக்ராய் மாநிலத்திலும் பின்பு மற்ற மாநிலங்களிலும் ஒரு துண்டுக்கு ஒரு டாலர்கூட ஆகாத செலவில் கோடிக்கணக்கான நிலங்களுக்குச் சான்று கொடுத்தார்கள். வரைபடம் இல்லை, வடக்கே இன்னார் நிலம், கிழக்கே இன்னார் நிலம் என்று எழுதினார்கள். அம்ஹாரா மாநிலத்தில் கணவன், மனைவி இருவரின் புகைப்படத்தையும் ஒட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணும் தன் முகம் இருக்கும் ஏட்டைக் காட்டித் தன் உரிமையைச் சொல்ல முடிந்தது. மலிவான வேலைதான், அருமையான வேலை. ஆனால் வடக்கே இருந்த இன்னார் இறந்துபோனால் எல்லை விவரமே தடுமாறுகிறது. பல மாவட்டங்களில் மாற்றங்களை எழுதிவைக்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. பின்னாளில் விமானப் படங்களைக் கொண்டு இரண்டாம் கட்டச் சான்று வழங்க வேண்டியதாயிற்று. மடகாஸ்கரில் 2005 சீர்திருத்தத்தின்கீழ் ஊராட்சிகளில் திறந்த நில அலுவலகங்கள் பல, வெளிநாட்டு நிதி நின்றபின் செயலிழந்துபோயின.

எல்லா நிலத்துக்கும் தனிப் பட்டாதான் தீர்வு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மொசாம்பிக்கின் 1997-ஆம் ஆண்டுச் சட்டம், ஊர் வழக்கப்படி நிலத்தைப் பயன்படுத்துபவர்களுக்கும், பத்தாண்டு நல்லெண்ணத்துடன் அனுபவித்து வருபவர்களுக்கும், தாள் இல்லாமலேயே உரிமை உண்டு என்கிறது. அக்கம்பக்கத்தார் வாய்மொழிச் சாட்சியமே போதும். ஏழைகளுக்கு இதைவிட நல்ல காப்பு எழுத்தில் இல்லை. மேய்ச்சல் நிலங்களுக்கோ தனிப் பட்டா கேடாகவே முடியும். கென்யாவின் கஜியாடோவில் மசாய் மக்களின் கூட்டுப் பண்ணைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தபின் வேலிகள் முளைத்தன. மழை பொய்த்த ஆண்டில் மாடுகளை ஓட்டிப்போக வழியில்லாமல் போனது. அந்த நாட்டின் 2016-ஆம் ஆண்டுச் சமூக நிலச் சட்டம் இதைத் திருத்தப் பார்க்கிறது. சமூகமே பதிவு செய்துகொள்ளலாம். நிலத்தைக் கைமாற்ற உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஒப்புதல் வேண்டும். இங்கும் அதே கேள்விதான். உறுப்பினர் பட்டியலில் அடுத்த ஆண்டு பதினெட்டு வயதாகும் பெண்ணின் பெயரைச் சேர்ப்பவர் யார்?

நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவில் விவசாய நிலம் மலிவு என்று கேள்விப்பட்டு என்னிடம் விசாரிப்பவர்கள் உண்டு. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிறுவனம் எத்தியோப்பியாவின் காம்பெல்லாவில் ஒரு லட்சம் ஹெக்டேரைக் குத்தகைக்கு எடுத்தது. 2015 இறுதியில் அரசு அந்த உரிமத்தை ரத்து செய்தது. அரசிடம் ஒப்பந்தம் போட்டாகிவிட்டது, இனி யாரைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் ஆபத்தானது. வரைபடத்தில் வெறுமையாகத் தெரியும் நிலத்தில் யாரோ பருவத்துக்கு ஒருமுறை மேய்க்கிறார்கள், யாரோ தேன் எடுக்கிறார்கள், யாருடைய முன்னோரோ புதைந்திருக்கிறார்கள். கென்யாவில் வெளிநாட்டவருக்கு அதிகபட்சம் 99 ஆண்டுக் குத்தகைதான் கிடைக்கும். தான்சானியாவில் முதலீட்டுக்காக அன்றி வெளிநாட்டவர் நிலம் பெற முடியாது. இடைத்தரகர் நீட்டும் பத்திரத்தில் உள்ள பெயருக்குரியவர் உயிரோடு இருக்கிறாரா, அவருடைய மனைவியும் பிள்ளைகளும் என்ன சொல்கிறார்கள் என்று ஊருக்கே போய் விசாரியுங்கள். அதற்கு மனமில்லாதவர்கள் தயவுசெய்து போகவேண்டாம்.

ஆப்பிரிக்க ஒன்றியம் 2009-இல் நிலக் கொள்கைக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றுக்கொண்டது. ஆவணப்படுத்தப்படும் நில உரிமைகளில் 30 சதவீதமாவது பெண்களிடம் இருக்க வேண்டும் என்ற இலக்கையும் பிறகு முன்வைத்தார்கள். நல்ல கொள்கைகளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் மாவட்ட அலுவலகத்தில்தான் இருக்கிறது: ஒரு எழுத்தர், அச்சு மை தீர்ந்த ஒரு பிரிண்டர், மின்சாரம் இல்லாத பிற்பகல்கள், வண்டிக்கு டீசல் இல்லாத மாதங்கள். முதல் பதிவுக்குக் கோடிக்கணக்கில் கொடுக்கும் நிதி நிறுவனங்கள், பத்தாவது ஆண்டில் அந்த எழுத்தரின் சம்பளத்தை யார் கொடுப்பார் என்று கேட்பதில்லை.

திட்ட அறிக்கைகள் என் மேசைக்கு வரும்போது நான் வற்புறுத்துவது சில எளிய மாற்றங்களை. சிறு நிலங்களின் வாரிசுப் பெயர் மாற்றத்துக்குக் கட்டணமே கூடாது. விற்பனைக்கு நிலத்தின் மதிப்புக்கேற்பக் கட்டணம் வைக்கலாம். மரணத்தைப் பதியும் அதே நாளில், அதே மேசையில், நிலத்துக்கான விண்ணப்பத்தையும் எழுதி வாங்க வேண்டும். அதற்காகக் குடும்பம் மறுபடி பஸ் ஏறி மாவட்டத் தலைநகருக்குப் போக நேரக் கூடாது. நிலத்தில் மக்கள் ஏற்கெனவே பிரித்துக்கொண்ட துண்டுகளுக்கு எண் கொடுக்க வேண்டும். கைச்சீட்டு வைத்திருப்பவர்கள் தண்டனை பயமின்றி வந்து பதிந்துகொள்ள ஒரு காலக்கெடு அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுதோறும் வழங்கிய பட்டாக்களோடு, நடந்த பெயர் மாற்றங்களின் எண்ணிக்கையையும், அவற்றில் கைம்பெண்களும் மகள்களும் எத்தனை பேர் என்பதையும் வெளியிட வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கைக்குச் செலவே கிடையாது. அதைத்தான் பெரும்பாலும் முதலில் அடித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் திருப்பி எழுதி அனுப்புகிறேன்.