சுகர் மாத்திரை வீட்டுக்கு வரும், பெயர் பதிவில் இருந்தால்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) சர்க்கரை நோய் ஆய்வு 2023இல் வெளியானது. அதன்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாட்டுச் சராசரி 11.4. சுகர், பிரஷர் மாத்திரையை இலவசமாக வீட்டுக்கே கொடுக்க 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. பின்னணி இவ்வளவு போதும்.

‘எங்கள் தெருவுக்கு யாருமே வரவில்லை’ என்று காத்திருந்து, மாத்திரையை விட்டுவிட்டு, கடைசியில் கால் புண்ணோடு ஆஸ்பத்திரியில் படுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து காத்திருக்காதீர்கள். தனியார் டாக்டரிடம் பார்ப்பவரின் பெயர் அரசுப் பதிவில் தானாக ஏறாது. ஆதார், பழைய மருந்துச் சீட்டு, கடைசி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், தொற்றா நோய்ப் பிரிவில் பதியச் சொல்லுங்கள். பதிந்ததற்கு அடையாளமாக நோட்டோ சீட்டோ கையில் வாங்காமல் திரும்பாதீர்கள். அடுத்த முறை ‘உங்கள் பெயரே இல்லையே’ என்றால் காட்ட அதுதான் இருக்கும்.

வாடகை வீடு மாறுகிறவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள். பழைய பகுதிச் செவிலியர் புதிய பகுதியைக் கைகாட்டுவார், அவர் இவரைக் கைகாட்டுவார்; நடுவில் மாத்திரை நின்றுபோகும். காலி செய்வதற்கு முன்பே சொல்லி, ஒரு மாத மாத்திரையைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அப்புறம், ‘ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க’ என்பார்கள். சுகர் அடுத்த வாரம் வரை பொறுக்குமா? மருத்துவ அலுவலரையே நேரில் பாருங்கள். அதற்கும் வழியில்லை என்றால் அங்கிருந்தே அரசின் மருத்துவ உதவி எண் 104க்குப் போன் செய்யுங்கள்.

ஒரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். கடையில் வாங்கும் மாத்திரையும் அரசு கொடுப்பதும் பெயரில் வேறு, உள்ளே இருப்பது ஒரே மெட்ஃபார்மினாகவோ கிளிமிபிரைடாகவோ இருக்கலாம். இரண்டையும் சேர்த்து விழுங்கிச் சுகர் இறங்கி மயங்கி விழுகிறார்கள். இரண்டு அட்டையையும் டாக்டரிடம் காட்டி, எதை நிறுத்துவது என்று கேளுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இந்த மாதாந்திர மாத்திரைக்கு உதவாது. டயாலிசிஸ், இதய அறுவை சிகிச்சை என்று வரும்போதுதான் அது தேவைப்படும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். கட்டிலில் படுத்த பிறகு வருமானச் சான்றிதழுக்கு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மகன் ஓடுவதைப் பார்க்கவே வேதனையாக இருக்கும். நன்றாக இருக்கும்போதே அந்தச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். அம்மாவின் பெயர் உங்கள் ரேஷன் கார்டில் இல்லையென்றால் உங்கள் அட்டையில் அவருக்குச் சிகிச்சை கிடைக்காது. அதையும் இப்போதே பாருங்கள்.

தனியார் மருத்துவமனை வாசலில் ‘காப்பீடு உண்டு’ என்ற பலகையை மட்டும் நம்பிச் சேராதீர்கள். உங்களுக்கு வேண்டிய அந்தச் சிகிச்சைக்கு அங்கே அனுமதி உண்டா என்று காப்பீட்டுக் கவுண்டரில் கேளுங்கள். முன்பணம் கேட்டால், கட்டுவதற்கு முன் காப்பீட்டுத் திட்டத்தின் இலவச எண்ணில் விசாரியுங்கள். கட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.