கருவ கலைக்கணும்னா உங்க கையெழுத்து போதும், புருஷன் வர வேணாம்

ஒரு பொண்ணோட ஓபி சீட்ட கையில வாங்கிப் பாத்தேன். வயசு 20, கல்யாணம் ஆகல, கூவம் கரை வீட்ட இடிச்சதுல குடும்பத்தோட ஊருக்கு வெளிய ஹவுசிங் போர்டு பிளாக்குக்கு வந்தவ. சீட்டுல நாலு தேதி, பின்பக்கம் பேனாவுல "கணவருடன் வரவும்". முதல் தேதியில 8 வாரம், கடைசி தேதியில 12 தாண்டிருச்சு. மாத்திரையிலயே முடிஞ்சிருக்க வேண்டியது, அட்மிட் ஆகற அளவுக்குப் போயிருச்சு. அப்படி எழுத எந்த சட்டமும் சொல்லல, அதனால தான் இத எழுதறேன்.

1971 கருக்கலைப்பு சட்டத்த 2021ல திருத்துனாங்க. 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் ஒத்துக்கிட்டா போதும், 20ல இருந்து 24 வரைக்கும் சில பிரிவினருக்கு மட்டும், ரெண்டு டாக்டர். 18 முடிஞ்சிருந்தா உங்க சம்மதம் மட்டும் தான், படிவம் சி-ல ஒரு கையெழுத்து. புருஷன், அம்மா, மாமியார் யாரும் வேணாம். பாதுகாப்பா இருந்தும் தங்கிடுச்சுன்னா அத டாக்டர்கிட்ட வாய் விட்டு சொல்லுங்க, முன்னாடி கல்யாணமானவங்களுக்கு மட்டும் இருந்த காரணம் அது, இப்ப எல்லாருக்கும் உண்டு.

இனி மாட்டிக்கற இடங்கள். முதல்ல வாரக்கணக்கு. கடைசியா பீரியட்ஸ் ஆரம்பிச்ச முதல் நாள்ல இருந்து தான் டாக்டர் எண்ணுவாங்க, நீங்க மனசுல எண்ணுறத விட ரெண்டு வாரம் கூடவே வரும், அதனால "அடுத்த மாசம் பாத்துக்கலாம்"ங்கற பேச்சே வேணாம்.

அடுத்தது அட்ரஸ். ஆதார்ல பழைய வீடு இருக்கு, உங்க ஏரியா ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு தள்ளுவாங்க, அங்க போனா நீங்க இப்ப இங்க இல்லயேம்பாங்க. கருக்கலைப்பு சட்டத்துல ஆதாரும் இல்ல ஏரியாவும் இல்ல. 2022 செப்டம்பர் 29ல சுப்ரீம் கோர்ட்டே சட்டத்துல இல்லாத கண்டிஷன் போடாதீங்க, குடும்பத்து சம்மதம் கேக்காதீங்கன்னு டாக்டர்களுக்கு சொல்லிருச்சு, கல்யாணம் ஆகாதவங்களுக்கும் 24 வாரம் வரைக்கும் வழி உண்டுன்னும் அதே தீர்ப்பு தான்.

24 வார பட்டியல்ல பேரிடர்ல மாட்டுனவங்கன்னு ஒரு பிரிவு இருக்கு. வீட்ட இடிச்சு அனுப்பிட்டாங்களே, நாமளும் அதுல வருவோம்னு நம்பி இருக்காதீங்க, அரசு பேரிடர்னு அறிவிச்சா தான் அது செல்லும். ஆனா கூட இருந்தவன் விட்டுட்டுப் போயிட்டான், நிலைமை தலைகீழா மாறிடுச்சுன்னா அதையும் கணக்குல எடுக்கணும்னு அந்த தீர்ப்பு சொல்லுது, அதையே சொல்லிக் கேளுங்க.

18 ஆகலன்னா கார்டியன் கையெழுத்து வேணும், டாக்டர் போக்சோல, அதாவது குழந்தைங்க மேல நடக்கற பாலியல் குற்றத்துக்கான சட்டத்துல, போலீசுக்குத் தகவல் குடுத்தாகணும். இந்த போலீஸ் பயத்துல தான் எத்தனையோ புள்ளைங்க கண்டவங்ககிட்ட போய் உயிருக்குப் போராடுதுங்க. பொண்ணும் கார்டியனும் கேட்டுக்கிட்டா அந்தத் தகவல்ல பேரு, அடையாளம் போட வேண்டியதில்லன்னு அதே 2022 தீர்ப்புல இருக்கு. கேட்டா தான் கிடைக்கும், அவங்களா சொல்ல மாட்டாங்க.

கரு தங்காம இருக்க கருப்பைக்குள்ள வைக்கற காப்பர்-டிய போட்டுக்கிட்டா தான் கலைப்போம்னும் சொல்வாங்க. வேணும்னா போட்டுக்கங்க, அது உங்க இஷ்டம், சட்டத்துல அந்த கண்டிஷன் கிடையாது. ஹால் நடுவுல பேரு சொல்லி "கல்யாணம் ஆகலயா"ன்னு கத்துறது வெறும் மரியாதைக் குறைவு மட்டும் இல்ல. உங்க விவரத்த வெளிய சொன்னா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல அபராதம், ரெண்டும் கூட உண்டு.

மெடிக்கல்ல சீட்டு இல்லாம மாத்திரை வாங்கிப் போடாதீங்க, தயவு செஞ்சு. கரு கருக்குழாய்ல இருந்தா மாத்திரை வேலை செய்யாது, உயிருக்கே ஆபத்து. ஏற்கனவே போட்டுட்டீங்க, ஒரு மணி நேரத்துல ரெண்டு பேடு முழுசா நனையுது, அடுத்த மணி நேரமும் அப்படியேன்னா 108க்கு அடிங்க. வீட்டுல தெரிஞ்சிடுமேன்னு காத்திருக்காதீங்க.

திருப்பி அனுப்புனா "முடியாதுன்னு எழுதிக் குடுங்க"ன்னு கேளுங்க, பாதி பேர் அங்கயே இறங்கி வந்துருவாங்க. ஓபி சீட்ட தூக்கிப் போடாதீங்க, எத்தனை நாள் அலைய விட்டாங்கன்னு அந்த தேதி தான் சாட்சி. அதுக்கு மேலயும் இழுத்தா 15100, இலவச சட்ட உதவி. பொம்பளைங்களுக்கு வருமானச் சான்று எதுவும் வேணாம், சீட்டுல இருக்கற தேதிய வரிசையா படிச்சு சொல்லுங்க.