ரக்: கம்பளமா, கம்பளி விரிப்பா?

ஆங்கிலத்தில் 'ரக்' (rug) என்கிறார்களே, கையால் நெய்த அந்தக் கம்பளி விரிப்புக்குத் தமிழில் என்ன பெயர்? கார்ப்பெட், ஜமக்காளம், தரைவிரிப்பு, கம்பளம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறோம். கார்ப்பெட் ஆங்கிலச் சொல். ஜமக்காளத்தையும் முதலிலேயே கழித்துவிடலாம், அது பருத்தி நூல். தரைவிரிப்பு நல்ல தமிழ்தான், ஆனால் கோரைப்பாயும் தரைவிரிப்பு, பிளாஸ்டிக் பாயும் தரைவிரிப்பு. எங்கே கிடக்கும் என்று சொல்லுமே தவிர எதில் செய்தது என்று சொல்லாது.

மிச்சம் இருப்பது கம்பளம். வடமொழியிலும் பாலியிலும் உள்ள 'கம்பல' என்ற சொல்தான் இது. அங்கே அதற்குக் கம்பளித் துணி, போர்வை என்று பொருள். புத்தர் காலத்தில் இருந்த அஜித கேசகம்பலி என்ற சிந்தனையாளரின் பெயரிலேயே இந்தச் சொல் இருக்கிறது, கேசகம்பலி என்றால் மயிரால் நெய்த போர்வை உடுத்தியவர். நம்மிடம் அதே சொல் இரண்டாகப் பிரிந்துவிட்டது: மேலே போர்த்தினால் கம்பளி, கீழே விரித்தால் கம்பளம்.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். 'கார்ப்பெட்' முதலில் மேசைக்கும் கட்டிலுக்கும் போட்ட தடித்த துணி, 'ரக்' முரட்டுக் கம்பளிப் போர்வை. இரண்டும் அப்புறம்தான் தரைக்கு இறங்கின.

சரி, பழைய தமிழில் கம்பளி இழையை எப்படிச் சொன்னார்கள்? புகார் நகரத்து நெசவாளர்களைப் பற்றிப் பேசும் சிலப்பதிகாரம் "பட்டினும் மயிரினும் பருத்தி நூலினும்" என்கிறது. மயிர்தான் அன்றைக்குக் கம்பளி நூல். அழகான சொல், ஆனால் இன்று ஒரு கடைக்காரர் 'மயிர் விரிப்பு' என்று பலகை எழுதி வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

'இரத்தினக் கம்பளம்' என்பதையும் பலர் ரத்தினம் பதித்தது என்று நினைக்கிறார்கள். பல வண்ணக் கம்பளம், அவ்வளவுதான்.

இன்னொரு குழப்பம் செய்முறையில். பாவு நூலில் (தறியில் நீளவாக்கில் கட்டிய நூல்) ஒவ்வொரு முடிச்சாகப் போட்டு, நுனியை வெட்டி, மேலே மயிர் மாதிரி நிற்கவிடுவது ஒரு வகை. சைபீரியாவின் அல்தாய் மலையில் பனி உறைந்த கல்லறை ஒன்றில் 1949-இல் கிடைத்த, ஏறக்குறைய 2,400 ஆண்டு பழைய பசிரிக் கம்பளம் அப்படிச் செய்ததுதான். முடிச்சே இல்லாமல், ஊடை நூலை (குறுக்கே ஓடும் நூல்) பாவு மறையும்படி நெருக்கித் தட்டித் தட்டையாக நெய்வது மற்ற வகை, துருக்கியர் 'கிலிம்' என்பது இதைத்தான்.

என் கணக்கில் முடிச்சுப் போட்டதைக் கம்பளம் என்றும் (அளவில் சின்னதென்றால் சிறு கம்பளம்), தட்டையாக நெய்ததைக் கம்பளி விரிப்பு என்றும் சொல்லலாம். செயற்கை இழையில் செய்தது என்றால் மட்டும் கம்பளி என்ற சொல்லை எடுத்துவிட்டு வெறும் விரிப்பு என்றே எழுதுங்கள்.