உட்கருவைத் துறந்த செல்கள்

எலும்பு மஜ்ஜையில் உருவாகும் சிவப்பணுவுக்குத் தொடக்கத்தில் மற்ற செல்களைப் போலவே, மரபுப்பொருளை வைத்திருக்கும் உட்கரு உண்டு. ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபின் சேரச் சேர உட்கரு சுருங்கி, ஓரமாக ஒதுங்கி, கடைசியில் வெளியே தள்ளப்படுகிறது. பக்கத்தில் இருக்கும் விழுங்கு செல் அதைத் தின்று செரித்துவிடும். அடுத்த சில நாள்களில், ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் புரதம் செய்யும் ரைபோசோமும் போய்விடும். மிஞ்சுவது ஒரு சவ்வுப் பை, அதற்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றும் 4 ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பிடிக்கும்.

மைட்டோகாண்ட்ரியா இல்லாததால், சுமந்துபோகும் ஆக்சிஜனில் சிவப்பணு கைவைப்பதில்லை. தனக்கு வேண்டிய ஆற்றலை ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைத்து எடுத்துக்கொள்கிறது.

உட்கரு போனதால்தான் நடுவில் குழிந்த அந்தத் தட்டு வடிவமும் வாய்க்கிறது. குறுக்களவு சுமார் 7.5 மைக்ரோமீட்டர், ஓரத்தில் 2 முதல் 2.5 வரை கனம், நடுவில் ஏறத்தாழ 1. அதே கொள்ளளவை உருண்டையாகப் பிடித்தால் மேற்பரப்பு 100 சதுர மைக்ரோமீட்டரைத் தொடாது; தட்டாக இருப்பதால் 140 அளவுக்கு வருகிறது. வாயு நுழைந்து வெளியேற இது உதவும். அதைவிட முக்கியம், பை தளர்வாக இருப்பதால் எப்படியும் மடங்கும். மண்ணீரலில் 1 முதல் 2 மைக்ரோமீட்டர் அகலமே உள்ள இடுக்குகள் வழியாக அது நெளிந்து போகவேண்டும். சவ்வைத் தாங்கும் புரதங்களில் பிறவிக் குறை இருந்தால் செல் உருண்டையாகிவிடும். உருண்டை அந்த இடுக்கில் நுழையாது, மண்ணீரல் அதை அழித்துவிடும். இரத்தசோகை, மஞ்சள்காமாலை, வீங்கிய மண்ணீரல் எல்லாம் அதன் விளைவு.

புதுப் புரதம் செய்ய வழியில்லாத செல் பழுதைச் சரிசெய்துகொள்ள முடியாது. அதனால் ஆயுள் சுமார் 120 நாள்தான். சர்க்கரை நோயாளிகள் எடுக்கும் ஹெச்.பி.ஏ.1சி பரிசோதனை இந்தக் கணக்கை நம்பித்தான் நடக்கிறது: ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்ட குளுக்கோஸ், அந்தச் செல் வாழும்வரை அதிலேயே கிடக்கும், ஆகவே மூன்று மாதச் சராசரி தெரிகிறது. சிவப்பணு அரிவாள்போல் வளைந்துபோகும் மரபுநோயான அரிவாள் செல் நோயில் செல்லின் ஆயுள் 10 முதல் 20 நாளாகக் குறுகிவிடும். சர்க்கரை ஒட்ட நேரம் போதாமல், முடிவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த நோய்க்கான மரபுக்கூறு 1952-லேயே கண்டறியப்பட்டது. அங்கெல்லாம் மருத்துவர்கள் இதை மனத்தில் வைத்தே அந்த எண்ணைப் படிக்கவேண்டும்.

தாவரங்களில் நீரேற்றும் சைலக் குழாய்ச் செல்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. சுவரில் மரத்துக்கு உறுதி தரும் லிக்னினைப் பூசிக்கொண்டு, உள்ளிருப்பதையெல்லாம் செரித்து, செத்த பிறகுதான் வேலையே தொடங்குகின்றன.

சர்க்கரையைக் கொண்டுபோகும் சல்லடைக் குழாயால் அப்படிச் செய்ய முடியாது. அழுத்தத்தோடு ஓடும் இனிப்புச் சாற்றைப் பிடித்துவைக்க உயிருள்ள சவ்வு வேண்டும். ஆகவே உட்கரு, செல்லுக்குள் நீர் நிறைந்த பையான வாக்குவோல், ரைபோசோம் ஆகியவற்றைத் துறந்து வழியைக் காலிசெய்கிறது. சவ்வை மட்டும் விடுவதில்லை. அதை வாழவைப்பது பக்கத்திலுள்ள துணைச்செல். இரண்டும் ஒரே தாய்ச்செல் பிரிந்து உண்டானவை. இடைச்சுவரின் நுண்துளைகள் வழியாகப் புரதமும் ஆற்றலும் துணைச்செல்லிலிருந்து வருகின்றன.

சிவப்பணுவுக்கு இல்லாத இந்தத் துணை எவ்வளவு பெரிது என்பதைப் பனைமரத்தில் பார்க்கலாம். பனைக்குக் கேம்பியம், அதாவது தண்டில் புதுக் குழாய்களை உண்டாக்கும் வளர்திசு, கிடையாது. அடித்தண்டில் பழைய குழாய்க்குப் பதில் புதிது முளைக்காது. உட்கரு இல்லாத அதே செல்கள் பல பத்து ஆண்டுகள் சாற்றைக் கடத்திக்கொண்டே இருக்கின்றன. பதநீர் என்று நாம் குடிப்பது அந்தச் சாறுதான்.

பாளையைச் சீவினால் சாறு சொட்டும். ஆனால் வெட்டுப்பட்ட குழாய், சல்லடைத் துளைகளைக் கேலோஸ் என்ற பொருளால் அடைக்கத் தொடங்கும். சர்க்கரை வீணாகாமல் இருக்க அதற்குத் தெரிந்த வழி அது. விட்டுவிட்டால் ஒழுக்கு நின்றுபோகும். அதனால்தான் பனையேறி தினமும் ஏறி, பாளை நுனியில் மெல்லிய ஒரு சீவு எடுத்து, அடைபட்ட பகுதியை நீக்குகிறார். கனமாக அரிந்தால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும்.